ஜாடை என்று எழுதினேன்

அந்தச் செய்தி பதினாறு வரி. எழுபதுகளின் நடுவில், கேரள மலையில் வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு தமிழ் நாளிதழுக்கு நிருபராக இருந்தபோது எழுதியது. மூன்றாம் பக்கத்தில், இரண்டு பத்தி அகலத் தலைப்போடு வந்தது. அதில் தகவல் பிழை எதுவும் இல்லை. கோவில் இருக்கும் இடம், சுவரின் அளவு, எந்த வகைப் பெயிண்ட், எத்தனை நாள் வேலை, எல்லாம் சரியாகவே இருந்தன. பிழை இல்லாத செய்திக்குத் திருத்தம் போடுவது எப்படி என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கோவில் ஏலத்தோட்டத்துக்கு நடுவில் ஒரு சரிவில் இருந்தது. தகரக் கூரை, மண் தரை. தோட்டத்தில் வேலை செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்கள் முப்பதோ நாற்பதோ இருக்கும்; கம்பம், போடிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். பங்குச் சாமியார் மலையாளி, மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்லிக்கொடுப்பது, பிள்ளைகளைச் சேர்ப்பது எல்லாம் உபதேசியார். பீடத்துக்கு மேலே வெகுநாளாக ஒரு காலண்டர் மாதாவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மலையின் ஈரம் காகிதத்தை விடாது. மாதாவின் நீல முக்காடும் குழந்தையின் ஒரு கையும் மிஞ்சின. முகம் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை.

அந்த வருடத் திருநாளுக்கு முன் சுவரிலேயே மாதாவை எழுதிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். சுற்றுவட்டாரத்தில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். லாரிக்கு நம்பர் எழுதுவார், தோட்டங்களுக்குப் போர்டு எழுதுவார். நெல்லைச் சீமைக்காரர், புரொட்டஸ்டண்ட். அவருடைய சபையில் சொரூபமும் படமும் கிடையாது. மாதாவைக் கும்பிடாத ஒருவர் மாதாவை எழுதுகிறார் என்று ஜீப் டிரைவர் ஒருவர் சொல்லித்தான் நான் அங்கே போனேன். செய்தி அதுதான் என்று நினைத்தேன்.

நான் போனபோது படம் முடிந்திருந்தது. பெயிண்டர் மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்க சபையில சுவத்துல வசனந்தான் எழுதுவோம் சார். மொகம் எழுத மாட்டோம்" என்றார்.

"அப்புறம் இது மட்டும் எப்படிங்க?"

"இது கூலி வேலைல்லா."

"மாதா மொகம் இப்படித்தான் இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"ஒமக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார். "பாத்தவன் எவன் இருக்கான்? மொதல்ல மனசுல இருந்து ஒண்ணு எழுதுனேன். சோப்பு டப்பாவுல சிரிப்பாள்லா ஒருத்தி, அவ மாதிரியே வந்துட்டு. உபதேசியார் பாத்துட்டு, 'இவ குளிச்சுட்டுல்ல வந்திருக்கா'ன்னாரு. அழிச்சுட்டேன்."

பிறகு அவருக்கு ஏலக்காய் ஸ்டோரில் மூட்டைகளில் தரத்தைக் குறிக்கும் எழுத்துப் போடும் வேலை வந்திருக்கிறது. காயை உலர்த்தி, தரம் பிரிக்கும் கட்டடத்தைத்தான் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அங்கே ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டாமல் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மடியில் சொளகு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு, வெடித்த காயையும் வெளுத்த காயையும் பொறுக்கித் தள்ளுவார்கள்.

"அதுல ஒரு பொம்பள, குனிஞ்சு சொளகப் பாத்துட்டு இருந்தா. மடியில பிள்ளைய வச்சிருக்கவ அப்படித்தான சார் பாப்பா? மூணு நாளு எழுத்துப் போட்டேன், மூணு நாளும் பாத்தேன். ஒரு வார்த்தை பேசல. எந்திரிச்சு வந்து எழுதிட்டேன்."

"யாருங்க அந்தம்மா?"

"அத விடும்."

நான் விடவில்லை. சுவரை நன்றாகப் பார்த்தேன். மாதாவின் இடது புருவத்தில், நடுவில், மயிர் முளைக்காத ஒரு கோடு இருந்தது. காலண்டர் மாதாக்களின் புருவம் ஒரே வீச்சில் இருக்கும், இப்படி அறுந்திருக்காது. பெயிண்டரிடம் காட்டினேன். கிட்டே போய்ப் பார்த்து, "அட, இது எனக்கே தெரியாம வந்துட்டே" என்றார். அழிப்பதா விடுவதா என்று யோசித்தது போல ஒரு நிமிடம் நின்றார். பிறகு விட்டுவிட்டார்.

அந்தப் புருவத்தை வைத்து ஸ்டோரில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதில் எனக்குப் பெருமை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் இந்த வேலைக்கு வரும்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வாளையாருக்குத் தெற்கே, கிழக்குப் பாலக்காட்டில் எங்கள் குடும்பத்துக்கு வயல் உண்டு. எனக்கு வயல் வேண்டாம், பத்திரிகை வேண்டும் என்று போனவன். முதல் இரண்டு வருடம் அலுவலகத்திலேயே இருந்தேன். அங்கே ஒரு மர டிராயர் இருந்தது. பழைய புலவர்கள், சித்தர்கள், மன்னர்களின் படத்தை அச்சிடும் துத்தநாக பிளாக்குகள் அதில் கிடக்கும். நினைவு நாள் வந்தால் எடுத்துப் போடுவோம். ஒரு நாள் வேண்டிய புலவர் கிடைக்கவில்லை. அச்சுக் கோப்பவர் வேறொரு பிளாக்கை எடுத்து, "தாடி இருக்குல்ல, போதும்" என்றார். போட்டோம். வாசகர் ஒருவர்கூடக் கடிதம் எழுதவில்லை. அடுத்த வருடமும் அதே தாடி, வேறு பெயர். பள்ளிப் புத்தகத்தில் நான் பார்த்த மன்னர்கள் எல்லோருக்கும் ஒரே மீசை. எங்கள் ஊர்த் தேநீர்க்கடைக் காலண்டர் முருகனுக்கு அந்தந்த வருடத்து சினிமாக் கதாநாயகனின் கன்னம். யாரும் பார்த்திராத முகத்துக்கு யாராவது ஒருவர் தன் முகத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, கொடுத்தவரை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், இந்த ஒரு முகத்தின் சொந்தக்காரரை மட்டும் கேட்டுக்கொண்டு போனேன்.

ஸ்டோரில் நான் பேச்சை ஆரம்பித்ததும் வரிசை முழுவதும் கை ஓட்டம் நின்றது. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கணவர் அதே ஸ்டோரில், காய் உலர்த்தும் அறைக்கு அடுப்பெரிப்பவர்.

"கோவில் படத்தைப் பார்த்தீங்களாங்க?" என்றேன்.

"பாத்தோம்ணே."

"அதுல இருக்கிறது உங்க மொகம்னு..."

அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவள், "ஏன் சார், எம் மொகத்துக்கு என்ன கொறச்சல்? மீசை ஒட்டிக்கிட்டு மாதா பக்கத்துல சூசையப்பரா நிக்கிறேன், எழுதச் சொல்லுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாத்துக்கும் தெரியும்ணே. யாரும் வாய்விட்டுச் சொல்றதில்ல."

"உங்களுக்கு எப்படி இருக்குதுங்க?"

"என்னத்தச் சொல்ல. கும்புடும்போது கண்ண மூடிக்கிருவேன்."

நான் குறிப்பேட்டில் எழுதுவதைப் பார்த்தார்.

"பேப்பர்ல போட்றாதீகண்ணே."

"பேர் போடமாட்டேனுங்க."

"பேர யாரு கேட்டா? போடவே வேண்டாம்ங்கிறேன்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அன்று சாயங்காலம் அறைக்கு வந்து எழுதினேன். பெயர் போடவில்லை. "ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கும், இடது புருவத்தில் தழும்புள்ள ஒரு பெண் தொழிலாளி" என்று எழுதினேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். பெயரைச் சொல்லியிருந்தால் அந்தப் பெயரில் ஐந்தாறு பேர் இருந்திருப்பார்கள். புருவம் ஒருவருக்குத்தான். இப்போது இதை எழுதும்போதும் அந்தப் புருவத்தைத்தான் எழுதியிருக்கிறேன். இன்னும் எனக்கு வேறு விதமாக எழுத வரவில்லை.

தலைப்பையும் நானே கொடுத்தேன். முதலில் "மாதா முகத்தில் தொழிலாளியின் சாயல்" என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். சாயல் என்பது வேதப் புத்தகத்துச் சொல்லாகப் பட்டது, உயிரில்லாமல் இருந்தது. அடித்துவிட்டு, "மாதா முகத்தில் தொழிலாளி ஜாடை" என்று போட்டேன். அப்பன் ஜாடை, மாமன் ஜாடை என்று எல்லா வீட்டிலும் புழங்குகிற சொல்தானே என்பது என் கணக்கு. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் எல்லா வீட்டிலும் புழங்குகிறது என்பதை இரண்டு பத்தித் தலைப்புக்கு எழுத்து எண்ணிக்கொண்டிருந்தவன் யோசிக்கவில்லை.

பேப்பர் மலைக்கு மதியம்தான் வந்து சேரும். தேநீர்க்கடையில் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். நான் மூலை பெஞ்சில் இருந்தேன். என் செய்தியைப் பிறர் படித்துக் கேட்பதில் எனக்கு ஆசை உண்டு. அடுப்பெரிப்பவரும் கடைக்கு வெளியே பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்றார்.

படித்து முடித்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. "ஏப்பா, ஒன் வீட்ல மாதாவா சோறு பொங்குறாக?" என்று ஒருவர் கேட்டார். "அதான் ஞாயித்துக்கெழம கோயிலுக்கே வர்றதில்ல. வீட்லயே மண்டி போட்டுக்கிறான்" என்றார் இன்னொருவர். அடுப்பெரிப்பவரும் சிரித்து, "போங்கடா, அவ வச்ச கொழம்பத் தின்னுட்டுச் சொல்லுங்க" என்றார்.

அப்போது பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல். யாருடையது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"தலைப்ப இன்னொருக்க வாசி. ஜாடைன்னுல்ல போட்டிருக்கான்? ஜாடை காட்டாமயா மூணு நாள்ல மொகத்த வாங்கிட்டுப் போனான் பெயிண்டர்?"

சிரிப்பு வந்தது. முன்னே வந்த சிரிப்பைப் போல இல்லை. அடுப்பெரிப்பவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ஸ்டோர்ப் பக்கம் நடந்தார். "அது அந்த அர்த்தத்தில் எழுதலைங்க" என்று எழுந்து சொல்ல எனக்கு ஐந்தடி தூரம்கூட இல்லை. சொல்லவில்லை. செய்தியை எழுதியவன் செய்திக்குள் போகக்கூடாது என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தின் மேல் பழியைப் போடுவது எளிது. உண்மையில், நான்தான் எழுதினேன் என்று அந்த நேரத்தில் தெரியக்கூடாது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. அடித்தார் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. ஸ்டோரில் அந்தப் பெண் வரிசையின் கடைசிக்குப் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதைப் பார்த்தேன். வெளிச்சம் இல்லாமல் காய் பொறுக்க முடியாது.

அடுத்த ஞாயிறு சாமியார் வந்தார். அவருக்குத் தமிழ் பேச்சுக் கொஞ்சம் புரியும், எழுத்து தெரியாது. பூசை முடிந்ததும் உபதேசியாரைக் கூப்பிட்டுப் பேப்பரை நீட்டினார். என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுத நானும் உள்ளே நின்றேன்.

"எந்தா உபதேசீ, இவிடெ எழுதியிரிக்குன்னது?"

உபதேசியார் படித்தார். சாமியாருக்கு மாதாவும் முகமும் தொழிலாளியும் புரிந்துவிட்டன. ஒரு சொல் மட்டும் நின்றது.

"ஈ ஜாடை எந்தா?"

உபதேசியார் நல்ல மனிதர். அவருக்கு மலையாளம் வராது. ஒத்த முகம் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. யோசித்தார். கடைசியில் தன் புருவத்தை மேலே தூக்கி, கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார். "இது சாமி. இதான் ஜாடை." அந்த ஒரு பொருளுக்குத்தான் கையாலும் கண்ணாலும் செய்துகாட்ட முடியும். மற்றதற்குச் சொல்தான் வேண்டும்.

அந்தச் சொல் என்னிடம் இருந்தது. பள்ளியில் பத்து வருடம் மலையாளம் படித்தவன் நான். 'சாய' என்றால் அங்கே தேநீர். கொஞ்சம் மூச்சுவிட்டு அழுத்திச் சொன்னால் முகத்தின் சாயல். சாயல் என்றே தலைப்பில் இருந்திருந்தால் சாமியார் யாரையும் கேட்டிருக்க வேண்டாம். நான் வாயைத் திறந்து இரண்டு எழுத்துச் சொல்லியிருந்தாலும் போதும். நான் குனிந்து, உபதேசியார் புருவத்தைத் தூக்கிக் காட்டிய விதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல காட்சியாகப் பட்டது.

சாமியார் திரும்பிச் சுவரைப் பார்த்தார். கோபப்படவில்லை. "பெருநாளினு மும்பு அது மாற்றணம்" என்றார், திருநாளுக்கு முன் மாற்றிவிட வேண்டும் என்று. பிறகு தமிழில், "அந்தப் பெண்ணுக்கும் அதுதான் நல்லது" என்றார்.

பெயிண்டர்தான் மாற்றினார். சாமியார் டவுனிலிருந்து புதுக் காலண்டர் ஒன்றை அனுப்பியிருந்தார். நான் போனபோது பெயிண்டர் ஏணியில் நின்று முகத்தின் மேல் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து இறங்கவில்லை.

"வாரும். நீரு எழுதுனீரு, நான் அழிக்கேன். ரெண்டு பேரும் எழுத்துக்காரன்லா?"

"நான் தப்பா ஒண்ணும் எழுதலைங்களே."

"தப்புன்னு யாரு சொன்னா? எங்க சபையில ஏன் மொகம் எழுதப்படாதுன்னு வச்சிருக்கான்னு இப்பத்தான் வெளங்குது. யாரப் பாத்து எழுதுனாலும் எவளாவது ஒருத்திக்குச் சேதம்."

புது மாதா சிவப்பாக இருந்தாள். காலண்டரில் அவள் கண்கள் மேலே, வானத்தைப் பார்த்தன, அப்படியே எழுதினார். கீழே உடம்பு பழையது, மடியில் இருக்கும் பிள்ளையை நோக்கிக் குனிந்திருக்கும். கழுத்து அந்த இரண்டுக்கும் பொருந்தவில்லை. பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. திருநாளுக்கு வந்தவர்கள் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "இப்பத்தான் மாதா மாதிரி இருக்கு" என்று இரண்டு பேர் சொன்னது என் காதில் விழுந்தது.

திருநாளன்று அந்தப் பெண்ணும் கணவரும் வந்தார்கள். சேர்ந்து வந்தார்கள், தள்ளி நின்றார்கள். முகத்தை அழித்துவிட்டால் பேச்சும் அழிந்துவிடும் என்று சாமியார் நினைத்திருந்தார். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. நடந்தது வேறு. உள்ளே வந்த ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்தார்கள், உடனே திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். சுவரில் அவர் முகம் இருந்தவரை அவரைப் பார்க்காமல் இருந்தவர்கள். படம் இருந்தபோது அவர் வரிசையில் ஒருவர். அதை எடுத்ததும், எடுக்கப்பட்டவர். சப்பரம் தூக்கும்போது கூட்டம் வெளியே நகர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது அவர் நின்ற இடம் காலியாக இருந்தது. கணவர் அங்கேயே, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஸ்டோருக்குப் போய்க் கேட்டால் வரிசை முழுக்கக் கேட்கும், வீட்டுக்குப் போனால் கணவருக்கு இன்னொரு பேச்சு. இப்படி யோசித்து ஒரு நாள் போயிற்று. யோசனை எல்லாம் நியாயமானதுதான். எனக்கு வசதியாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பம் போகும் ஜீப்பில் செய்திக் கவரைக் கொடுத்தனுப்ப நின்றேன். அன்று டிரைவர் பின்னால் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏறியவை வீட்டுச் சாமான்கள்: இரண்டு பானை, பாய்ச்சுருள், தகரப் பெட்டி. கணவர் மேலே நின்று கயிறு இழுத்தார். முன் சீட்டில், உள்பக்கம், அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டுக் கீழே போகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

டிரைவர் வழக்கம்போல, "முன்னாடி குடுத்துருங்க சார், வச்சிருக்கட்டும்" என்று கத்தினார். முன்னால் அந்தப் பெண் ஒருவர்தான் இருந்தார். கவரை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். மேலே பத்திரிகையின் பெயர் அச்சடித்திருக்கும். அவருக்குப் படிக்கத் தெரியுமா என்று நான் அதுவரை யோசித்ததில்லை. கவரை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுல யாருண்ணே?"

கேலி இல்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.

"யாரும் இல்லைங்க. ஏலக்காய் வெலைங்க."

"அப்பச் சரி" என்று மடியில் வைத்துக்கொண்டார்.

கவரில் இருந்தது திருநாள் செய்தி. எத்தனை பேர் வந்தார்கள், சப்பரம் எந்த வழியாகப் போயிற்று என்பதோடு, சர்ச்சைக்குள்ளான முகம் மாற்றப்பட்டது என்றும் ஒரு வரி எழுதியிருந்தேன். டிரைவர் வந்து ஏறினார். வண்டி கிளம்ப இரண்டு மூன்று தடவை இழுத்தது. "கவரைக் கொடுங்க, ஒண்ணு மறந்துட்டேன்" என்று கேட்க அந்த நேரம் தாராளமாகப் போதும். நான் ஒதுங்கி வழிவிட்டேன். வண்டி குமுளிச் சாலையில் திரும்பும்வரை அவர் கவரை மடியிலிருந்து எடுக்கவில்லை.

செய்தி இரண்டு நாள் கழித்து வந்தது. நான்கு வரியாகக் குறைத்திருந்தார்கள். அந்த வரியை விட்டுவைத்திருந்தார்கள்.